இடது தோளில் ஒரு சுண்டைக்காய்

ஆண்பிள்ளைத் தோளில் பட்டுச்சேலை எடுபடுமா என்று கேட்கிறவர்கள் எங்கள் சுயம்புலிங்கத்தைப் பார்த்ததில்லை.

தியாகராய நகரில் எங்கள் தங்கபுஷ்பம் பட்டு மாளிகைக்கு அப்போது ஒரு மாடிதான். கீழே நூல் சேலை, மேலே பட்டு. மாடியில் ஒரு மூலையில் ரவிக்கைத் துணி, உள்பாவாடை, ஃபால்ஸ் எல்லாம் என் பொறுப்பு. பட்டு எடுத்து முடித்த பிறகுதான் என்னிடம் வருவார்கள் என்பதால் முக்கால்வாசி நேரம் எனக்குச் சுயம்புவை வேடிக்கை பார்ப்பதே வேலை. ஆள் கறுப்பு, குட்டை, நல்ல தொப்பை, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மீசை. வெள்ளை விரித்த மெத்தைமேல் நின்று சேலையை உதறுவான். முந்தானையை ஒரே வீச்சில் இடது தோளில் போட்டு, இடது கையைக் கொஞ்சம் நீட்டிக் கரையைக் காட்டுவான். அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு மீசையும் தெரியாது, தொப்பையும் தெரியாது. அந்தச் சேலையில் தன்னைத்தான் பார்ப்பார். "இதையே பேக் பண்ணிடுங்க" என்பார்.

எங்கள் முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி, "கடைக்கு ரெண்டு மூலதனம் வே. ஒண்ணு நான் போட்டது. இன்னொண்ணு சுயம்புவோட இடது தோளு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சம்பளம் கூட்டச் சொல்லும் நாளில் மட்டும் அந்தப் பேச்சு வராது.

நாங்கள் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம். சுயம்புவுக்குச் சாத்தான்குளம். இரண்டு மகன்களும் ஊரில் மாமனார் வீட்டில் இருந்து படித்தார்கள். மேற்கு மாம்பலத்தில் ஒண்டுக் குடித்தனத்தில் அவனும் பேச்சியம்மாளும் மட்டும். வம்பு தும்புக்குப் போகாத ஆள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு, மற்ற நாள் கடை. இதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது, தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஆடித் தள்ளுபடி வராமல் இருந்திருந்தால்.

அன்றைக்கு ஒரு கல்யாணப் பட்டு. அரக்கு நிறம், நல்ல கனம். தோளில் போட்டதும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சுயம்பு வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் இடது தோளுக்குப் பின்னால் அமுக்கிப் பிடித்தான். பிடித்த கை அங்கேயே நின்றுவிட்டது. சேலை முழுவதும் மெத்தையில் விழுந்தது. "என்னங்க ஆச்சு?" என்று அந்த அம்மா கேட்டார். "ஒண்ணுமில்லம்மா, வேற காட்டுதேன்" என்றான். முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சரக்கு அறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். சட்டைப் பொத்தானைக் கழற்றி, "வே, இந்த இடத்தைத் தொட்டுப் பாரும்" என்றான். தொட்டேன். தோள்பட்டைக்குப் பின்னால், தோலுக்கு அடியில், சுண்டைக்காய் அளவுக்கு என்னவோ இருந்தது. மெத்தென்று இருந்தது. அமுக்கினால் நழுவியது.

"வலிக்கா?"

"வலி இல்ல."

"அப்பம் கொழுப்பாத்தான் இருக்கும். நம்ம கடை மெஸ்ஸுல ஊத்துத எண்ணெய்க்கு இது வராட்டாத்தான் அதிசயம்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "எங்க அண்ணனுக்கும் வலி இல்ல வே" என்றான்.

அந்தக் கதை எனக்குத் தெரியும். அவனுடைய அண்ணனுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. பத்துப் போட்டார்கள், மந்திரித்தார்கள், பார்வை பார்த்தார்கள். கட்டி பெருத்து, சாப்பாடு இறங்காமல் போனபிறகுதான் பட்டணத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அடையாறு கான்சர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் 'அடையாறுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க' என்றால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அங்கே பாவம், நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். கொண்டுபோனது பிந்திப்போயிற்று. அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டு சுயம்பு ஒரு மாதம் அங்கே திண்டாடியிருக்கிறான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில்கூட ஏறமாட்டான். யாராவது வீட்டுக்குச் சேலை கொண்டுவந்து காட்டச் சொல்லி அடையாறு விலாசம் சொன்னால், பேனாவை என்னிடம் நீட்டி, "நீரு எழுதும்" என்பான்.

"டாக்டரப் பாத்துருவோம்" என்றேன்.

"பாத்தா எழுதிக் குடுத்துருவாங்க வே."

"என்னத்த?"

"அடையாறுக்கு."

பார்க்காதவரைக்கும் அது சுண்டைக்காய். பார்த்துவிட்டால் அது வேறு ஏதோ ஆகிவிடும். அவன் கணக்கு அப்படி. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேச்சிக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே அவ செத்துருவா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. கடை திறந்ததும், கூட்டம் வருமுன்னே, சேலை பார்க்கிற மூன்று பக்கக் கண்ணாடிக்கு முன்னால் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு நிற்பான். கழுத்தைத் திருப்பித் திருப்பி முதுகைப் பார்ப்பான். பிறகு என்னைக் கூப்பிடுவான்.

"நேத்து சுண்டைக்காய். இன்னைக்கு?"

"இன்னைக்கும் சுண்டைக்காய்தான்."

"நல்லா பாத்துச் சொல்லும் வே. களாக்காய் அளவுக்கு வந்துட்ட மாதிரி இருக்கு."

"நீரு தடவித் தடவியே அது வீங்கிரும். கைய எடும்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு நாள் இருமினால், நெஞ்சுக்கு இறங்கிவிட்டது என்பான். கால் மரத்துப்போனால், காலுக்குப் போய்விட்டது என்பான். பயத்தில் சாப்பிடாமல் இளைத்தான், இளைத்ததைப் பார்த்து இன்னும் பயந்தான். மெஸ்ஸில் ஒரு நாள் சுண்டைக்காய் வற்றல் குழம்பு ஊற்றினார்கள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவன் போன பிறகு அந்தத் தட்டைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

மெஸ் சமையல்காரர் ஒரு வைத்தியம் சொன்னார். கோயில் குளத்தில் வெல்லத்தைப் போட்டால், வெல்லம் கரையக் கரைய உடம்பில் இருக்கிற கட்டியும் கரையுமாம். ஊரில் நாங்களும் கேள்விப்பட்டதுதான். அடுத்த செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஒரு முழு உருண்டை வெல்லத்தோடு மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் போனோம். ஆனால் அது எந்த வருஷம்? தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய வருஷம். குளம் வெடித்துக் கிடந்தது. நடுவில் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சுயம்பு கொஞ்ச நேரம் படியில் நின்று பார்த்தான். பிறகு நேராக இறங்கிப்போய், மண்டபத்துக்குப் பக்கத்தில் வெல்லத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கும்பிட்டான். படியில் உட்கார்ந்து கடலை விற்றுக்கொண்டிருந்த ஆள், "இன்னா நைனா, எறும்புக்குப் படையல் போட்டுக்கினு கீற?" என்று கத்தினான்.

திரும்பி வரும்போது சுயம்பு கேட்டான். "கரையாம எறும்பு தின்னுட்டா, அது கணக்குல சேருமா வே?"

"எறும்பு தின்னா சீக்கிரம் தீரும்" என்றேன். அன்று ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டான் என்று கேள்வி.

ஆனால் வெல்லத்தால் அவன் மனசு அடங்கவில்லை. புதிதாக ஒன்று கண்டுபிடித்தான். இத்தனை வருஷமாக ஜரிகை உரசி உரசித்தான் அந்த இடத்தில் கட்டி வந்திருக்கிறது, இனிமேலும் உரசினால் பெருத்துவிடும் என்று முடிவு கட்டினான். மறுநாளிலிருந்து முந்தானையை வலது தோளில் போட ஆரம்பித்தான்.

எந்த ஊரில் நடக்கும் இது? வருகிற பெண்களுக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை. "என்னமோ மாதிரி இருக்கே" என்றார்கள். "சேட்டு வீட்டுக் கட்டு மாதிரி இருக்கு" என்றார்கள். எழுந்து அடுத்த மெத்தைக்குப் போனார்கள். சுயம்புவின் வலது கைக்குக் கரையை நீட்டிக் காட்டத் தெரியவில்லை. அது வேட்டி காயப்போடுகிற கை மாதிரி நின்றது. அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அவனைக் கீழே நூல் சேலைக்கு அனுப்பியிருப்பார்.

அதற்குள் அபிராமபுரத்திலிருந்து ஜானு மாமி வந்தார். மகள் மஹதிக்குக் கல்யாணம், கூறைப்புடவை எடுக்க வேண்டும். ஒன்பது கஜம். சுயம்பு வழக்கம்போல, அதாவது புது வழக்கம்போல, முந்தானையை வலது தோளில் போட்டுக்கொண்டு நின்றான். மாமி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"ஏன்னா, பாத்தேளா?" என்று கணவரை இடித்தார். "எந்தக் கடைக்குப் போனாலும் இடது தோள்ல போட்டுண்டு நிக்கறா. நம்மாத்து மடிசார் வலது தோள்னு இவருக்குத்தான் தெரிஞ்சிருக்கு. இத்தனை வருஷத்துல ஒருத்தராவது தெரிஞ்சு வெச்சுண்டிருக்காரே!"

சுயம்புவுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். மாமி கூறையோடு நிற்கவில்லை. நிச்சயத்துக்கு, நலங்குக்கு, சம்பந்திக்கு, நாத்தனாருக்கு என்று அடுக்கிவிட்டு, என்னிடம் வந்து பத்து ரவிக்கைத் துணியும் கிழித்துக்கொண்டு போனார்.

மாமி வாய் சும்மா இருக்குமா? ஆவணி முகூர்த்தம் முடிவதற்குள் மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை எல்லாம் தெரிந்துவிட்டது. ஐயர் வீட்டு மாமிகள் படியேறி வந்ததும், "வலது தோள்காரர் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். "சுயம்பு, நீ நம்மகிட்ட சொல்லாமலே ஆராய்ச்சி பண்ணியிருக்கியேடே" என்று முதுகில் தட்டினார். தட்டின கை எங்கே பட்டதோ, சுயம்பு துள்ளிக் குதித்தான்.

பேர் பரவப் பரவ அவன் பாதியாகிக்கொண்டே போனான். அவனைக் கேட்டு வருகிற ஒவ்வொரு மாமியும் அந்தக் கட்டியை ஞாபகப்படுத்தினார். "செத்துப்போகப் போறவனுக்கு இப்பத்தான் வே யோகம் அடிக்கி" என்று என் மேஜையில் சாய்ந்துகொண்டு சொன்னான். நான் திட்டினேன். கொஞ்சம் பயமும் எனக்கு ஒட்டிக்கொண்டது, சொல்வதற்கென்ன.

அந்தச் சமயத்தில் ஒருநாள் பேச்சியம்மாள் கடைக்கு வந்தாள். மேலே வரவில்லை. கீழே படிக்குப் பக்கத்தில் நின்று எனக்குச் சொல்லி அனுப்பினாள். கடைக்கு வருகிற வழக்கமே இல்லாதவள்.

"அண்ணே, அவுக கடையில எல்லார்கிட்டயும் நல்லாத்தான் பேசுதாகளா?"

"ஏன் தாயி? பேசாம என்ன?"

"இல்ல, மயிலாப்பூர்ல இருந்தெல்லாம் பொம்பளைங்க அவுகளத் தேடி வாராங்களாமே. எங்க வளவுல பேசிக்கிட்டாங்க."

"அட, அது யாவாரம்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசி பிறந்தது. தீபாவளி வியாபாரம் சூடு பிடித்தது. சுயம்புவுக்கு வேறு ஒரு கிலி. "தீபாவளி அன்னைக்கு எண்ணெய் தேய்க்காம தப்ப முடியாது வே" என்று புலம்பினான். விஷயம் என்னவென்றால், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அவனுக்குத் தலையிலும் முதுகிலும் எண்ணெய் தேய்த்து விடுவது பேச்சியம்மாள்தான். ஆடியிலிருந்து, குடிக்கவே தண்ணீர் இல்லை, எண்ணெய்க் குளியல் ஒரு கேடா என்று சொல்லியே ஒவ்வொரு சனிக்கிழமையையும் தள்ளிவிட்டான். வீட்டிலும் பனியனைக் கழற்றுவதில்லை. திரும்பிப் படுத்துக்கொள்வதுகூட இல்லையாம். அவளுக்குத் தெரியாமல் வைத்திருப்பதில்தான் தன் உயிரே இருப்பது மாதிரி நடந்துகொண்டான்.

தீபாவளிக்கு முன் ஒரு புதன்கிழமை, ராமானுஜம் என்கிறவர் மனைவியோடு கூறைப்புடவை எடுக்க வந்தார். மயிலாப்பூர்க்காரர்கள் என்று தெரிந்ததுமே சுயம்பு ஒன்பது கஜத்தை எடுத்து வலது தோளில் வீசினான். அந்த அம்மாளின் முகம் சுருங்கிப்போயிற்று.

"இது ஐயராத்துக் கட்டுன்னா! நாங்க வைஷ்ணவா. எங்காத்துல இடது தோள்தான். மாத்திப் போடுங்கோ."

சுயம்பு நின்றான். "சேலை ஒண்ணுதானம்மா" என்றான்.

"சேலை ஒண்ணா இருக்கலாம். தோள் ஒண்ணாயிடுமா? இடது பக்கம் போடுங்கோ, பாக்கறேன்."

"முடியாதும்மா."

அந்த மாடியில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. வாடிக்கைக்காரரிடம் முடியாது என்று சொன்ன விற்பனையாளன் தியாகராய நகரிலேயே இருந்திருக்கமாட்டான். பத்து மெத்தையிலும் விரித்த சேலை விரித்தபடி நின்றது. அண்ணாச்சி கல்லாவை விட்டு ஓடி வந்தார். "கோவிச்சுக்கிடாதீங்கம்மா, இந்தா போட்டுருவான்" என்று முந்தானையை உருவி, அவரே சுயம்புவின் இடது தோளில் போட்டு, சரியாக அந்த இடத்தில் அழுத்தினார்.

சுயம்பு மெத்தைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கூறைப்புடவையை மூஞ்சியில் பொத்திக்கொண்டு, "அண்ணாச்சி, எனக்கு அடையாறுதான் அண்ணாச்சி! எனக்கும் அடையாறுதான்!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ராமானுஜம் பதறிப்போய், "அதுக்கென்ன, அடையாறுக்கு இங்கேர்ந்து நெறைய பஸ் இருக்கே" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நான்தான் ஓடிப்போய் அண்ணாச்சியைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பேச்சியிடம் சொல்லாதே என்றுதானே சத்தியம்? அண்ணாச்சி கல்லாவைப் பார்த்தார், நிறைந்து கிடந்த மெத்தைகளைப் பார்த்தார். பிறகு, "நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறான். தனியா விட்டா ஓடிருவான், நீரும் கூடப் போவும். அவன் பொண்டாட்டியும் வரட்டும்" என்றார். தீபாவளிக் கூட்டத்தில் இரண்டு பேருக்கு லீவு. அண்ணாச்சி எவ்வளவு பயந்திருந்தார் என்று அதிலேயே தெரிந்தது.

தேனாம்பேட்டையில் டாக்டர் வஜீஹா என்று ஓர் அம்மா. பெரிய சர்ஜன் என்றார்கள். வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பேச்சியம்மாளிடம், தோள் வலி என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்திருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். கூப்பிட்டதும் சுயம்பு என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "நீரும் உள்ள வாரும்" என்றான். பேச்சியம்மாளும் பின்னாலேயே வந்து ஓரமாக உட்கார்ந்தாள்.

உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றச் சொன்னால், கழற்ற மாட்டேன் என்கிறான். லேடி டாக்டராம். நாள் முழுக்கப் பெண்கள் முன்னால் சேலை போட்டுக்கொண்டு நிற்கிறவனுக்கு வெட்கம்! நான் பொத்தானைக் கழற்றினேன். டாக்டரம்மா பின்னால் போய் நின்று, விரலால் நகர்த்திப் பார்த்தார். அக்குளில் பார்த்தார், கழுத்தில் பார்த்தார். சுயம்பு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திருச்செந்தூர் முருகனைக் கூப்பிட்டான்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஆடியில இருந்துதாம்மா."

"எது?" என்றாள் பேச்சியம்மாள். எழுந்து வந்து அவன் முதுகைப் பார்த்தாள். "இதுவா? இது ஆடியில வந்ததில்ல டாக்டரம்மா. எங்களுக்குக் கல்யாணம் ஆனப்பவே இருக்கு. எங்க தலைதீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கும்போது என் கையில தட்டுப்பட்டுது. அன்னைக்கு என்ன அளவோ அதே அளவுதான் இன்னைக்கும்."

சுயம்பு கண்ணைத் திறந்தான். வாயையும் திறந்தான்.

"ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அவுகளுக்கு முதுகுலயா கண்ணு இருக்கு?" என்றாள் பேச்சி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எனக்கு இவங்க சொன்னதுதான் முக்கியம். இது கொழுப்புக் கட்டி. இத்தனை வருஷமா வளராம, வலிக்காம, நகர்ந்துகிட்டு இருக்கு. ஒண்ணும் பண்ணாது. திடீர்னு பெருசானா, வலிச்சா வாங்க. இல்லேன்னா அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"அடையாறு…?"

"அடையாறுல என்ன?" என்றார் டாக்டரம்மா. நான் சுயம்புவுக்குச் சட்டையை மாட்டி வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன்.

வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கினோம். சுயம்பு அப்போதுதான் சட்டைப் பொத்தானைப் போட்டான். பேச ஆரம்பித்தபோது கோபமாகத்தான் வந்தது.

"இத்தன வருசமா தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"மொதல்ல அது என்னன்னே எனக்குத் தெரியல. உங்க அண்ணன், பெரியத்தான் செத்தாகல்லா, அப்பத்தான் எனக்குப் பயம் புடிச்சுது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணெய் தேய்க்கும்போது விரல வச்சு அளந்து பாப்பேன். நீங்க அண்ணன் போன துக்கத்துல கெடந்திய. அப்ப இதச் சொன்னா தாங்கியிருப்பியளா? வளந்தா சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். ரெண்டு வருசம் அளந்தேன். வளரல. அப்புறம் விட்டுட்டேன்."

அவன் கை தானாக இடது தோளுக்குப் போயிற்று.

"நீங்க இப்பத்தான் பயப்பட ஆரம்பிச்சிருக்கிய. நான் பயந்து முடிச்சுப் பத்து வருசம் ஆச்சு" என்றாள்.

மழை வலுத்தது. ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. எங்கள் பஸ் இல்லை. பேச்சியம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவள் அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"அப்பம் இதுக்குத்தானா? இந்தக் கட்டிக்குத்தானா மூணு மாசமா எண்ணெய் வேண்டாம்னிய?"

"ஒனக்குத் தெரிஞ்சா நீ செத்துருவேன்னு…"

"செத்துத்தான் கெடந்தேன். மூணு மாசமா முதுகக் காட்டல. பக்கத்துல வரவிடல. வேற எவளோ எண்ணெய் தேய்க்கான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சுயம்பு அந்த நட்டநடுத் தேனாம்பேட்டையில், அவ்வளவு ஜனம் நிற்கும்போது, அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நாங்கள் அப்படிப் பழகினவர்கள் இல்லை. நான் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கட்டியால் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது வராத அழுகை அவனுக்கு இப்போது வந்தது. அவளுக்கோ, காரணம் வெறும் கட்டிதான் என்பதில் நிம்மதி.

சனிக்கிழமை காலையில் சுயம்பு கடைக்குத் தாமதமாக வந்தான். தலை சீவாமல் பரட்டையாக இருந்தது, சீயக்காய் வாசனை என் மேஜைவரைக்கும் அடித்தது. தீபாவளிக் கூட்டம் மெத்தையெல்லாம் நிறைந்து உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. முதல் ஆளாக ராமானுஜத்தின் மனைவி உட்கார்ந்திருந்தார். கூறைப்புடவையை எடுத்து உதறிவிட்டு, சுயம்பு கொஞ்சம் யோசித்து நின்றான்.

"இடது தோள்தானேம்மா?" என்று கேட்டுவிட்டு, போட்டான்.